பெரிய வேட்டைத் துப்பாக்கி எவ்வளவு உதைக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், நான் உறுப்பினராக இருக்கும் துப்பாக்கி சுடும் மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் புதியவர்களின் பக்கத்தில் நிற்பது என் வேலை. சம்பளம் கிடையாது, காபி உண்டு. இங்கே இலையுதிர் காலத்தில் மூஸ் மான் வேட்டைக்குப் போகும் தமிழர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது ஒருவருக்கு ஆப்பிரிக்கா போய்க் காட்டெருமை சுடும் ஆசை வந்துவிடும். பெரிய துப்பாக்கி ஒன்றை வாங்கிவிட்டு, பெட்டியைக்கூடத் திறக்காமல் என்னிடம் வந்து, "அண்ணா, நிறைய உதைக்குமா?" என்று கேட்பார். பத்தாண்டுகளாகக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எண்கள் எல்லாம் வழக்கமான தோட்டாவுக்கும் வழக்கமான எடைக்கும் நானே கணக்கிட்டவை. தோட்டா மாறினால் எண்ணும் சற்று மாறும்.

துப்பாக்கி ஏன் உதைக்கிறது?

குண்டு முன்னே பாய்கிறது, துப்பாக்கி பின்னே வருகிறது. பள்ளியில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதி, அவ்வளவுதான். ஆனால் பலர் விட்டுவிடுவது வெடிமருந்தின் கணக்கை. எரிந்த மருந்து வாயுவாகி, குண்டு குழலை விட்டு வெளியேறியதும் அதற்குப் பின்னால் பீறிட்டு வருகிறது. தீபாவளி ராக்கெட்டின் வாலிலிருந்து வரும் அதே பீறிடல்தான். பெரிய மேக்னம் (வழக்கத்தைவிட அதிக மருந்துள்ள) தோட்டாக்களில் உதையின் கால் பங்கு, சில சமயம் அதற்கும் மேல், இந்த வாயுவால் வருவது. மசில் பிரேக் (குழல் நுனியில் மாட்டும் உதைகுறைப்பான்) பற்றிப் பேசும்போது இது மறுபடி வரும். நினைவில் வையுங்கள்.

எது பெரிய காலிபர்? எண் பெரிதாக இருந்தால் உதையும் பெரிதா?

காலிபர் என்பது குழலின் விட்டம், அங்குலத்தில். .375 என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் 375 பங்கு, ஏறக்குறைய 9.5 மில்லிமீட்டர். ஆப்பிரிக்காவில் காட்டெருமை, யானை போன்ற ஆபத்தான விலங்குகளுக்குப் பல நாடுகள் சட்டப்படி .375-ஐயோ 9.3 மில்லிமீட்டரையோதான் குறைந்தபட்ச அளவாக வைத்திருக்கின்றன. ஆகவே "பெரியது" என்ற பேச்சு பொதுவாக அங்கேதான் தொடங்குகிறது.

விட்டத்தை வைத்து உதையைச் சொல்லிவிட முடியாது. .45-70 என்பது 1873-இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த தோட்டா. .458 வின்செஸ்டர் மேக்னம் 1956-இல் வந்தது. இரண்டின் குண்டுக்கும் விட்டம் ஒன்றே. முதலாவதன் பழைய ராணுவ அளவுத் தோட்டாவை ஒரு மதியம் முழுக்கச் சுட்டுவிட்டு மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போகலாம். இரண்டாவதை ஒரு பெட்டி சுட்டால் இரவு எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது என்ற கேள்வி வரும். குண்டின் எடை, வேகம், மருந்தின் அளவு, துப்பாக்கியின் எடை என்ற நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சுற்றி வளைக்காமல் எண்ணில் சொல்லுங்கள்.

சரி. ஊரில் என்.சி.சி.யில் .22 சுட்டவர்கள் நம்மில் பலர். அதன் உதையின் ஆற்றல் ஒரு ஜூல்கூட இல்லை. இங்கே மான் வேட்டைக்குப் பலரும் வைத்திருக்கும் .30-06, 3.6 கிலோ துப்பாக்கியில், சுமார் 27 ஜூல். பழக்கம் இல்லாதவருக்கு இதுவே "அம்மாடி" என்று இருக்கும். .300 வின்செஸ்டர் மேக்னம் 35-ஐ ஒட்டியும், அலாஸ்காவில் பழுப்புக் கரடிக்கு விரும்பப்படும் .338 வின்செஸ்டர் மேக்னம் 42-ஐ ஒட்டியும் நிற்கின்றன.

1912-இல் வந்து இன்றும் ஆப்பிரிக்காவின் பொது மொழிபோல் இருக்கும் .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், நான்கு கிலோ துப்பாக்கியில் 50 ஜூலைத் தாண்டுகிறது. அதாவது .30-06-ஐப்போல் இரண்டு மடங்கு. .416 ரிக்பி 4.5 கிலோ துப்பாக்கியில் 78. .458 வின்செஸ்டர், துப்பாக்கியின் எடையைப் பொறுத்து, 75 முதல் 80. .460 வெதர்பி மேக்னம் 135-ஐ ஒட்டி வரும். எனக்குத் தெரிந்த ஒருவர் அதை ஒரே ஒரு முறை சுட்டுவிட்டு, துப்பாக்கியை மெல்ல மேசைமேல் வைத்து, "நல்ல மரம்" என்று அதன் கட்டையைப் பாராட்டினார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஆளையே தூக்கி எறியும் என்கிறார்களே?

திரையில் எறியும். .375-இன் மொத்த உந்தத்தையும் (எடையை வேகத்தால் பெருக்கினால் வருவது) 70 கிலோ எடையுள்ள ஆளின்மேல் ஏற்றினாலும் அவர் பின்னே நகரும் வேகம் விநாடிக்கு 30 சென்டிமீட்டர்தான். நின்றிருந்த பஸ் மெதுவாகக் கிளம்பும்போது ஓர் அடி பின்னே வைப்போமே, அந்த அளவு. கால்களை ஒட்டி வைத்து, உடலைப் பின்னே சாய்த்து நின்றால் விழத்தான் செய்வீர்கள். பஸ்ஸில் அப்படி நின்றாலும் விழுவீர்கள். இடது காலை முன்னே வைத்து, மூக்கு இடது கால் கட்டைவிரலுக்கு நேராக வரும்படி சற்று முன்னே சாய்ந்தால் போதும். இடது கைக்காரர்கள் காலை மாற்றிக்கொள்ளவும்.

குண்டின் ஆற்றல் 5,700 ஜூல் என்று தோட்டாப் பெட்டியில் போட்டிருக்கிறது. அப்படியானால் என் தோளுக்கும் 5,700 ஜூல்தானே வரும்? சமமும் எதிருமானது என்றுதானே விதி?

இதைக் கேட்பவர் பெரும்பாலும் பொறியாளராக இருப்பார். சமமாக இருப்பது உந்தம், ஆற்றல் அல்ல. .375-இன் குண்டு 19 கிராம் சொச்சம், வேகம் விநாடிக்கு 770 மீட்டர். துப்பாக்கி 4 கிலோ சொச்சம், ஆகவே வாயுவின் பங்கையும் சேர்த்தால் அது பின்னே வருவது விநாடிக்கு 5 மீட்டரில். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு போவதால் கனமான பக்கத்துக்கு மிகக் குறைவாகவே விழுகிறது. குண்டுக்கு 5,700, உங்களுக்கு 52. ஏறக்குறைய நூற்றுப்பத்தில் ஒரு பங்கு.

இரண்டையும் குழப்பிக்கொள்வது சட்டத்திலும் சிக்கலைத் தரும். கனடாவில் 2020 மே மாதத்திலிருந்து 10,000 ஜூலுக்கு மேற்பட்ட துப்பாக்கிகளுக்குத் தடை இருக்கிறது. அது குண்டின் ஆற்றலைப் பற்றியது. உங்கள் தோளைப் பற்றி அரசுக்குக் கவலை இல்லை.

வலிக்குமா? எலும்பு உடையுமா?

தோளில் சரியாகப் பொருத்தினால் .375 வலிப்பதில்லை, தள்ளுகிறது. பத்துப் பதினைந்து தோட்டாவுக்குப் பிறகு வலிக்கும், மறுநாள் நாவற்பழ நிறத்தில் ஒரு தடம் இருக்கும். அடிக்கட்டைக்கும் (துப்பாக்கியின் பின்முனை) தோளுக்கும் இடையே இடைவெளி விட்டால் தள்ளல் குத்தாகிவிடும். அடிக்கட்டை தோள்பட்டை எலும்பின் முனையிலோ புஜத்திலோ உட்கார்ந்தாலும் அப்படித்தான். கழுத்தெலும்புக்குக் கீழே, கையை முன்னே நீட்டும்போது ஒரு குழி விழுகிறதல்லவா, அதுதான் இடம். தோளில் அறுவை செய்துகொண்டவர்களும் நெஞ்சருகே பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் கண் அறுவை முடித்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

தோளைவிட எனக்குக் கவலை நெற்றியைப் பற்றித்தான். அதற்குத் தனிக் கேள்வி இருக்கிறது.

நண்பரின் .375 மென்மையாக இருந்தது. அதே தோட்டா, என்னுடையது மட்டும் கழுதைபோல் உதைக்கிறது. ஏன்?

முதலில் இரண்டையும் தராசில் வையுங்கள். உந்தம் மாறாதபோது, உதையின் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்கு எதிர்விகிதத்தில் போகும். மலையேற வசதி என்று 3 கிலோவில் ஒன்றை வாங்கியிருந்தால், 4 கிலோவில் வந்ததைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக உதை வாங்குவீர்கள். சுமக்கும்போது இலேசு, சுடும்போது கனம்.

அடுத்தது கட்டையின் வடிவம். அடிக்கட்டை குழலின் கோட்டிலிருந்து மிகவும் தாழ்ந்து போனால், துப்பாக்கி நேராகப் பின்னே வராமல் மேலே எழும்பிக் கன்னத்தில் அறையும். அடிக்கட்டையின் முகம் குறுகலாக இருந்தால் அதே உதை குறைந்த பரப்பில் இறங்கும். பழைய வின்செஸ்டர்கள் சிலவற்றின் பிறைவடிவ இரும்பு முகம் இதில் பேர்போனது. கடைசியாக ரப்பர் திண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பழைய துப்பாக்கிகளில் அது காய்ந்து கல்லாகியிருக்கும். மாற்றுவதற்கு ஆகும் செலவு இரண்டு பெட்டி தோட்டாவின் விலைக்கும் குறைவு.

.577 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தள்ளுகிறது, .460 வெதர்பி அறைகிறது என்கிறார்கள். கணக்கில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தானே வருகின்றன?

நல்ல கேள்வி. 48 கிராம் குண்டைச் சுடும் .577, ஆறு கிலோ எடையுள்ள இரட்டைக்குழல் துப்பாக்கியில் 120 ஜூலை ஒட்டி வரும். 32 கிராம் குண்டை மிக வேகமாகச் சுடும் .460, நாலரைக் கிலோவில் 135. எண்ணில் பெரிய தூரம் இல்லை. ஆனால் .577 பின்னே வருவது விநாடிக்கு 6 மீட்டர் சொச்சத்தில், .460 வருவது 8 மீட்டரை ஒட்டி. கூட்டத்தில் ஒருவர் தோளால் நெட்டித் தள்ளுவதற்கும் இன்னொருவர் கையை ஓங்கி அடிப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. உடல் பின்னே சாய்ந்து கொடுப்பதற்கு நேரம் கிடைக்கிறதா என்பதுதான் விஷயம்.

ஆகவே ஜூல் எண்ணோடு நிறுத்தாமல் உதையின் வேகத்தையும் கேளுங்கள். விநாடிக்கு 4 மீட்டர் வரை பெரும்பாலோர் பழகிவிடுகிறார்கள். 5-ஐத் தாண்டினால் எல்லாருக்கும் தெரிகிறது.

ஸ்கோப் (துப்பாக்கிமேல் பொருத்திய குறிபார்க்கும் தொலைநோக்கி) கண்ணில் இடிக்கும் என்று பயமாக இருக்கிறது.

பயப்படுங்கள். என் வலது புருவத்தில் பிறைபோல ஒரு தழும்பு இருக்கிறது. முதன்முதலாக .375 சுட்டபோது, ஸ்கோப்புக்குள் ஓரத்தில் கருவளையம் தெரிகிறதே என்று கழுத்தை நீட்டி முகத்தை ஒரு விரற்கடை முன்னே கொண்டுபோனேன். விசையை அழுத்தியதும் ஒரு "டக்". வலி இல்லை. கண்ணாடியில் ஏதோ சொட்டியது. துடைத்தேன், மறுபடி சொட்டியது. அது ரத்தம் என்று தெரிய எனக்கு மூன்று முறை துடைக்க வேண்டியிருந்தது. ஐந்து தையல். தையல் போட்ட மருத்துவர் நான் சொல்வதற்கு முன்பே "என்ன காலிபர்?" என்று கேட்டார்.

பெரிய துப்பாக்கிக்குக் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே குறைந்தது 9, 10 சென்டிமீட்டர் தரும் ஸ்கோப்தான் வேண்டும். அதை முடிந்தவரை முன்னே தள்ளிப் பொருத்துங்கள். குப்புறப் படுத்துச் சுடும்போதும் மேட்டை நோக்கிச் சுடும்போதும் தலை தானாக முன்னே போகும். கடையில் நின்றபடி பார்த்துவிட்டு "சரியாக இருக்கிறது" என்று திருப்தி அடையாதீர்கள்.

மசில் பிரேக் போட்டால் தீர்ந்ததா?

உதை தீரும், நட்பு போகும். குழலின் நுனியில் பக்கவாட்டுத் துளைகள் வைத்து, முன்னே பீறிடும் வாயுவைப் பக்கங்களுக்குத் திருப்பிவிடுவதுதான் மசில் பிரேக். முதல் பதிலில் சொன்ன கால் பங்கில்தான் அது கை வைக்கிறது. உந்தத்தில் கால் பங்கு போனாலே ஆற்றலில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் போய்விடும் என்பதால் பலன் பெரிதாகத் தெரியும். மருந்து அதிகமுள்ள மேக்னங்களில் நன்றாக வேலை செய்யும்.

விலை என்ன? சத்தம். அது சுடுபவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் பாய்கிறது. மைதானத்தில் காதுறை போட்டிருப்போம், பரவாயில்லை. ஆப்பிரிக்கக் காட்டில் தடம் பார்ப்பவர் உங்களுக்கு ஓரடி தள்ளி, காதில் ஒன்றும் இல்லாமல் நிற்பார். தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போவில் எனக்கு வழிகாட்டியாக வந்தவர் முதல் நாளே குழல் நுனியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கைகுலுக்கினார். அவருக்கு இடது காது கேட்காது. பயிற்சிக்கு பிரேக்கை மாட்டுங்கள், வேட்டைக்குக் கழற்றிவிடுங்கள். ஆனால் கழற்றியதும் குண்டு விழும் இடம் மாறக்கூடும். மறுபடி குறி சரிபார்க்காமல் கிளம்ப வேண்டாம்.

மேசையில் உட்கார்ந்து சுட்டால்தான் அதிகம் வலிக்கிறது. ஏன்?

நிற்கும்போது இடுப்பிலிருந்து மேலுடல் முழுவதும் பின்னே ஆடிக்கொடுக்கிறது. மேசையில் முழங்கைகளை ஊன்றிக் குனிந்திருக்கும்போது ஆட இடமில்லை. தோள் சுவராகிவிடுகிறது. மேசை குறி சரிபார்க்க மட்டும். அதற்கும் நிமிர்ந்து உட்காரும்படி மணல்மூட்டையை உயர்த்தி வையுங்கள், தோளுக்கும் அடிக்கட்டைக்கும் நடுவே மடித்த துண்டு வையுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் வைக்கிறேன். மற்றதெல்லாம் நின்றுகொண்டே.

முதல் இரண்டு குண்டு நடுவில் விழுகிறது. பிறகு கீழே, வலப்பக்கம் என்று சிதறுகிறது. துப்பாக்கி கெட்டுவிட்டதா?

இல்லை. உதை குறியைக் கெடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். குண்டு குழலைவிட்டு வெளியேற ஆயிரத்தில் ஒன்றிரண்டு விநாடிதான் ஆகிறது. அதற்குள் துப்பாக்கி நகர்வது இரண்டு மூன்று மில்லிமீட்டர். நீங்கள் உதை என்று உணர்வதெல்லாம் குண்டு போன பிறகு நடப்பது. குறியைக் கெடுப்பது உதை வருவதற்கு முன்பே உடல் அதற்குப் பயந்து சுருங்குவது.

இதைச் சொன்னால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை, அதனால் காட்டுவேன். அவரைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, நிஜத் தோட்டாவையோ மருந்தில்லாத போலித் தோட்டாவையோ நான் போட்டுக் கொடுப்பேன். எது உள்ளே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. சென்ற ஆண்டு ஒருவர், ஆறடி உயரம், கட்டுமானத் தொழில், "எனக்குப் பயமெல்லாம் கிடையாது" என்றவர், போலித் தோட்டாவில் விசையை அழுத்தினார். "க்ளிக்". கண்கள் இறுக மூடியிருந்தன, வலது தோள் முன்னே துள்ளியது, குழல் நுனி நாலு விரற்கடை கீழே போய்விட்டது. கண்ணைத் திறந்து தன் துப்பாக்கியையே யாரோ போல் பார்த்தார். பிறகு நானும் அவர் போட்டுக் கொடுக்கச் சுட்டேன். எனக்கும் லேசாகக் குழல் ஆடத்தான் செய்தது.

இதற்கு வைத்தியம் எளிது, நாள்தான் பிடிக்கும். அதே வடிவக் கட்டையுள்ள .22-இல் நூற்றுக்கணக்கில் சுடுங்கள். பெரியதை ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் வேண்டாம், ஐந்தாவதிலேயே கண் மூடினால் ஐந்தோடு நிறுத்துங்கள். காதில் நுரை அடைப்பான், அதன்மேல் காதுறை என்று இரட்டையாகப் போடுங்கள். உடல் பயப்படுவதில் பாதி அந்தச் சத்தத்துக்குத்தான்.

யானை எதிரே நிற்கும்போது உதையே தெரியாதாமே?

தெரியாது, உண்மைதான். காட்டெருமையைச் சுட்ட அன்று எனக்குத் தோளில் எதுவும் பட்டதாகவே நினைவில்லை. இரவு குளிக்கும்போதுதான் தடத்தைப் பார்த்தேன். ஆனால் மேலே சொன்ன சுருங்கல் மைதானத்தில் பழகிய பழக்கம், காட்டில் அது தானாகப் போய்விடாது. இரண்டாவது குண்டும் உடனே வேண்டியிருக்கும். உதை தெரியாமல் போனாலும் குழல் மேலே எழும்பத்தான் செய்யும்.

இந்தக் காலத்துப் பஞ்சுத்திண்டு, பிரேக் எதுவும் இல்லாமல் அந்தக் காலத்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

சிலர் சமாளிக்கவில்லை. நுவரெலியாவில் சில ஆண்டுகள் குடியிருந்து யானை வேட்டையாடிய பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர், பிறகு ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப்போன ஒரு துப்பாக்கி அரை பவுண்டு எடையுள்ள குண்டைச் சுடும். உடனிருந்த அரபிகள் அதற்கு "பீரங்கியின் பிள்ளை" என்று பெயர் வைத்தார்கள். அது தன்னைக் காற்றாடிபோல் சுழற்றிவிடுகிறது என்று சொல்லி, அவரே அதைச் சுட அஞ்சினார். ஆப்பிரிக்காவில் வேட்டையாடிய இன்னொரு ஆங்கிலேயர் பிரெடெரிக் செலூஸ், இளமையில் "4 போர்" (bore, கால் பவுண்டு ஈயக்குண்டு போகும் குழல்) அளவுள்ள துப்பாக்கிகளால் யானைகளைச் சுட்டார். அவற்றின் உதை தன் நரம்பைப் பாதித்துக் குறியைக் கெடுத்துவிட்டதாகப் பின்னாளில் வருந்தினார். போலித் தோட்டா சோதனையில் நாம் பார்ப்பதும் அதுவேதான்.

சமாளித்தவர்களில் பலர் சிறியதை எடுத்தவர்கள். ஆப்பிரிக்க யானை வேட்டைக்காரர் கரமோஜோ பெல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டார், பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் துப்பாக்கியால். அதன் உதை .30-06-ஐவிடக் குறைவு. ஜிம் கார்பெட் தோளில் தொங்கியதும் அதே தோட்டாவைச் சுடும் .275 ரிக்பிதான். சம்பாவத்து ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றதற்காக 1907-இல் கிடைத்த பரிசு. கனமான வேலைக்கு .450/400 இரட்டைக்குழல் ஒன்றும் வைத்திருந்தார். நம் பக்கத்தில் ஜவளகிரி, அஞ்செட்டிக் காடுகளில் திரிந்த கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டர் வைத்திருந்தார். என் கணக்கில் அது 40 ஜூல். பெரிய துப்பாக்கிதான், ஆனால் சுடக்கூடிய பெரியது.

இந்தக் கதைகளைக் கேட்டதும் "ஊரில் இப்போது?" என்று கேட்பவர்களுக்கு: இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைப் பொழுதுபோக்கு முடிந்துவிட்டது.

இரட்டைக்குழலில் இரண்டும் ஒரே நேரத்தில் வெடித்துவிட்டால் இரண்டு மடங்கு உதையா?

நான்கு மடங்கு. உந்தம் இரட்டித்தால் ஆற்றல் அதன் வர்க்கம், துப்பாக்கியின் எடையோ மாறவில்லை. .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் ஒரு குழலில் 75 ஜூல் என்றால், இரண்டும் சேர்ந்தால் 300. முன் விசையை அழுத்திய விரல் உதையில் வழுக்கிப் பின் விசையில் விழுவதாலும் நடக்கும், உள்ளே தேய்ந்த பழைய துப்பாக்கியில் தானாகவும் நடக்கும். பழக்கமில்லாத இரட்டைக்குழலை முதன்முதலில் சுடும்போது ஒரு குழலில் மட்டும் தோட்டா போடுங்கள்.

.458 வாங்கினேன். மூன்று குண்டு சுட்டேன். மறுபடி தொட மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

தோட்டாவை நீங்களே நிரப்பத் தெரிந்தால், அல்லது தெரிந்தவர் துணையிருந்தால், அதே துப்பாக்கியில் 26 கிராம் குண்டை .45-70-இன் பழைய வேகத்தில், விநாடிக்கு 400 மீட்டரில், சுடலாம். குண்டின் விட்டம் ஒன்றே என்று மேலே சொன்னது இதற்குத்தான் உதவுகிறது. உதை கால் பங்காகிவிடும். நிரப்பும் அளவை அதற்கான கையேட்டில் பார்த்துத்தான் போட வேண்டும், குத்துமதிப்பாகக் குறைப்பதும் ஆபத்தே. ஒரு குளிர்காலம் இப்படிச் சுட்டுவிட்டுப் படிப்படியாக ஏற்றியவர்கள் இருக்கிறார்கள்.

அதுவும் வேண்டாம் என்றால் விற்றுவிட்டு ஒரு .375 வாங்குங்கள். நட்டம் பெரிதாக இருக்காது. இங்கே பழைய .458-களுக்கு விளம்பரம் வரும்போது பலவற்றில் ஒரே வரி இருக்கும்: "புதிது போன்றது, இருபது தோட்டாப் பெட்டியுடன், பதினேழு மீதி."